அம்முச்சி கையிலேயே போன் இருக்கட்டும்: வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கப் பழக்கும் முறை

கோபி, காங்கயம் பக்கத் தோட்டங்களில் பெரியவர்கள் பலர் தனியாகத்தான் இருக்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இடையில் ஒரு சந்தேகம் என்றால் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இ-சஞ்சீவனி: வீடியோவில் டாக்டரிடம் பேச மத்திய அரசின் இலவசச் சேவை.

ஊருக்கு வந்த பேரன் "கொண்டாங்க அம்முச்சி, நானே பண்ணிடறேன்" என்று போனை வாங்கிக்கொண்டால் அன்றைய வேலை முடியும், அம்முச்சிக்கு எதுவும் பழகாது. கடைசிவரை போன் அவர் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள்.

படி 1: போனின் மொழியைத் தமிழாக்குங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.

படி 2: விரல். பலரும் கவனிக்காதது இதைத்தான். தறி ஓட்டி, களை வெட்டிக் காய்ப்பேறிய விரலைத் திரை பல நேரம் உணராது. "ஏங்கண்ணு, தொட்டா ஒண்ணுமே ஆக மாட்டேங்குது" என்று இன்னும் அழுத்துவார். அழுத்திப் பிடித்ததும் வேறு ஏதோ திறக்கும். போனைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து கீழே வைத்துவிடுவார். நகம் படாமல், விரலின் சதைப்பகுதியால் பட்டென்று தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். விரல் ரொம்ப வறண்டிருந்தால் லேசாக ஈரத்துணியில் ஒற்றிக்கொள்ளலாம். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய், அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கி வையுங்கள். பாதிப் பயம் இதிலேயே போய்விடும்.

படி 3: மாத்திரை அட்டையைப் போட்டோ எடுக்கப் பழக்குங்கள். பெயர் தெரியும் பக்கம் மேலே இருக்கட்டும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படிக்கட்டும். தவறாக எடுத்தாலும் நஷ்டமில்லை, டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்கும்போது இது கைகொடுக்கும்.

படி 4: ஓடிபி. தானே தொடங்கிய வேலைக்கு வந்த எண்ணை, தானே திரையில் போடலாம். போனில் யார் கேட்டாலும், ஆஸ்பத்திரி என்றே சொன்னாலும், சொல்லக் கூடாது. அடுத்த அறையிலிருந்து நீங்களே வேறு ஆள் போலக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழைக்க வேண்டும் என்று நாள்காட்டிப் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

படி 5: இனி இ-சஞ்சீவனி. முதல் தடவை முழங்கால் வலி போல அவசரமில்லாத ஒன்றுக்குப் பாருங்கள். மொபைல் எண், ஓடிபி, பெயர், வயது, மாநிலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்கும் இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். அங்கே "அனுமதி" என்று இருப்பதைத் தொடச் சொல்லுங்கள். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் முகம் தெளிவாகத் தெரியும். வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள், காத்திருக்க வேண்டும். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு போனிலேயே வரும்.

மருத்துவப் பதிவுகளை இணைக்கும் அரசு அடையாள எண்ணான 14 இலக்க ஆபா எண்ணை முதல் நாளே எடுக்க வேண்டாம். மேற்சொன்னதெல்லாம் கைப்பழக்கம் ஆகட்டும். பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவர்கள் 104-ல் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்வது, இவற்றுக்கு வீடியோ வேண்டவே வேண்டாம். நேராக 108.