மடக்குக் கத்தி: ஒபினெல்லா, ஸ்பார்ட்டனா?

தினமும் பையில் வைத்துக்கொள்ள பிரான்ஸின் ஒபினெல் 8ஆம் எண் வாங்குவதா, சுவிஸ் விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன் வாங்குவதா? எதை வெட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பழம், ரொட்டி என்றால் ஒபினெல்தான். 8.5 செ.மீ. பிளேடு மெல்லியது, கொய்யாவில் சுலபமாக இறங்கும். விரித்ததும் கழுத்து வளையத்தைத் திருகிப் பூட்டிவிடுங்கள், விரல் மேல் மடங்காது. கார்பன் எஃகு வேண்டாம், எலுமிச்சைச் சாறு பட்டாலே கறுக்கும். துருப்பிடிக்காத ரகமே நம் ஈரக்காற்றுக்கு ஏற்றது. மரப்பிடி நனைந்தால் ஊதிக்கொண்டு திறக்கவே அடம்பிடிக்கும். கழுவியதும் துடைத்து, விரித்தபடியே காயவிடுங்கள்.

பார்சல் பிரிக்க, டின் திறக்க, ஸ்க்ரூ முடுக்க ஸ்பார்ட்டன். அதன் பிளேடுக்குப் பூட்டு கிடையாது. குத்தித் துளைக்க அதை எடுக்காதீர்கள், தனியாகத் துளையூசி இருக்கிறது.

எதுவானாலும் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள்.