தூண்டில் நீரில் கிடக்கும்போது உறங்கலாமா? இங்கிலாந்தின் கெண்டை ஏரிகளில் இரவு தங்குவோருக்கான வழிகாட்டி

இங்கிலாந்தின் கெண்டை ஏரிகளில் இரவு தங்கி மீன்பிடிப்பவர்களுள் பெரும்பாலோர் தூண்டிலை நீரில் விட்டபடியே உறங்குகிறார்கள். கரையில் பிவ்வி எனப்படும் சிறு கூடாரம், அதற்குள் மடக்குக் கட்டில், வாசலுக்கு எதிரே தாங்கியில் இரண்டு மூன்று தடிகள், ஒவ்வொன்றின் கீழும் தங்கூசி (தூண்டில் நூல்) அசைந்தால் ஒலிக்கும் அலாரம் என்று இந்த ஏற்பாடு முழுவதுமே உறங்குகிறவனை மனத்தில் வைத்து உருவானதுதான். ஆகவே உறங்குவது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அலாரம் ஒலித்த நொடியிலிருந்து உங்கள் கை தடியைப் பற்றும் வரை எத்தனை விநாடிகள் ஆகின்றன என்பதே கேட்கவேண்டிய கேள்வி. பத்து விநாடிக்குள் தடியருகே வந்து, தெளிந்த மனத்தோடு மீனை வழிநடத்த முடியுமானால் உறங்கலாம். முடியாதென்றால் தூண்டிலைச் சுருட்டிக் கரையேற்றிவிட்டே படுக்கவேண்டும் என்பது பல ஆண்டுகள் இந்த ஏரிக்கரைகளில் இரவு கழித்த பின் நான் வந்தடைந்த முடிவு.

அலாரத்தின் கதை அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. 1952 செப்டம்பர் 13 அன்று, விடிவதற்குச் சற்று முன்பாக, ஹெரிஃபோர்ட்ஷையரில் உள்ள ரெட்மயர் குளத்தில் ஆங்கிலேயத் தூண்டில்காரர் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். இருட்டில் மீன் கடித்ததை அவருக்குச் சொன்னது மின்சார மணி. அத்தகைய மணியை வடிவமைத்தவரும் அவரே. அந்த மீன் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தது. பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய கெண்டை என்ற அதன் சாதனை 1980 வரை முறியடிக்கப்படவில்லை. ஆனால் வாக்கர் அன்று தடிகளின் பக்கத்திலேயே இருந்தார் என்பதையும் மணி ஒலித்தவுடன் அவர் கை தடிமேல் இருந்தது என்பதையும் நாம் சேர்த்தே நினைக்கவேண்டும். மணி அவருடைய கண்ணுக்குத் துணையாக இருந்ததே தவிர, அவருக்குப் பதிலாக இருக்கவில்லை.

உறங்கினாலும் பரவாயில்லை என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு இன்றைய முள்கட்டும் முறை முக்கியக் காரணம். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் வளைவிலிருந்து நீளும் மயிரிழை போன்ற நூலில் கோத்து வைக்கிறோம். இரையை உறிஞ்சும் கெண்டை அதை உமிழ முயலும்போது வெறுமையாக நிற்கும் முள் அதன் உதட்டில் தைக்கிறது. மூன்று அவுன்ஸ் ஈயத்தின் கனத்தை உணர்ந்து வெருண்டு ஓடும்போது முள் மேலும் ஆழப் பதிகிறது. மீன் தன்னைத் தானே மாட்டிக்கொள்வதால் நாம் விழித்திருந்து தடியைச் சுண்டவேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. அதற்கடுத்த நொடியிலிருந்து நம் பொறுப்புத் தொடங்குகிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெருண்ட கெண்டை அல்லிக்கொடிகளையோ நீரில் சாய்ந்து கிடக்கும் மரத்தையோ நோக்கி நேராக ஓடும். இருபது மீட்டர் தொலைவில் உள்ள மரக்கிளையை அடைய அதற்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படாது. அங்கே தங்கூசி சிக்கி அறுந்தால், முள்ளையும் அறுந்த நூலையும் ஈயத்தையும் இழுத்துக்கொண்டு அது அலையவேண்டியதுதான். மாட்டிய இடத்திலேயே கட்டுண்டு கிடந்து சாகவும் கூடும்.

இந்த நாட்டின் சட்டமும் இதைக் கவனத்தில் கொண்டிருக்கிறது. இரையோ முள்ளோ நீரில் இருக்கும்போது தடியைக் கவனிப்பாரின்றி விட்டுச் செல்வதும், போதிய கட்டுப்பாடு இல்லாத நிலையில் விட்டு வைப்பதும் இங்கிலாந்தில் குற்றம். கட்டிலில் படுத்திருப்பதைச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் அலாரத்தின் ஒலியைத் தொலைவிலும் கேட்கச்செய்யும் ரிசீவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நூறு மீட்டர் தள்ளியிருக்கும் நண்பரின் கூடாரத்தில் தேநீர் குடிப்பவரும், நான்கு குவளை பியர் அருந்திவிட்டு இடி இடித்தாலும் எழாதபடி படுத்திருப்பவரும் தடியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதாக வாதிட முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட தடிகளை வைக்கும்போது இரு ஓரத் தடிகளின் அடிப்பகுதிகளுக்கு இடையே 3 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியும் உண்டு. இவற்றுக்கு மேல் ஒவ்வொரு ஏரிக்கும் தனி விதிகள் இருக்கும். இரவில் தங்குவதற்குத் தனி அனுமதி தேவைப்படும் இடங்களும், இரவு மீன்பிடிப்பையே அனுமதிக்காத இடங்களும் உள்ளன. அனுமதிச் சீட்டின் பின்புறத்தைப் படித்த பிறகே பையைக் கட்டுங்கள்.

நம் ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். மாலையில் குளக்கரையில் தூண்டிலைக் கட்டிவிட்டு, காலையில் போய் விரால் கிடக்கிறதா என்று பார்ப்பது நமக்குப் பழகிய வழக்கம். அது வயிற்றுப்பாட்டுக்கான மீன்பிடிப்பு, அதன் நியாயம் வேறு. இங்கிலாந்தில் அப்படிக் கட்டிவிட்டுப் போகும் தூண்டிலை 1975 ஆம் ஆண்டின் சால்மன் மற்றும் நன்னீர் மீன்வளச் சட்டமே தடைசெய்கிறது. மேலும், இங்கே பிடிக்கும் கெண்டையை உயிரோடு திரும்ப விடுவதே நடைமுறை. ஒரே கெண்டையை ஓர் ஏரியில் பல ஆண்டுகளாகப் பலர் பிடித்து விட்டிருப்பார்கள். சிலவற்றுக்குப் பெயர்கூட உண்டு. (1939 இல் இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டதும் இதே இனம்தான்; ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான மீன் அல்ல.) அடுத்த ஆண்டு வேறொருவர் காணவேண்டிய உயிர் அது என்ற உணர்வோடு அணுகினால், மேலே சொன்ன பத்து விநாடிக் கணக்கு மிகையாகத் தோன்றாது.

எந்த மீனைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். கெண்டைக்குத் தூண்டிலிட்டுக் கண்ணயரலாம் என்று நான் சொல்வது கெண்டைக்கு மட்டும்தான். பைக் மீனுக்குச் செத்த மீனை இரையாக வைத்தாலோ, விலாங்குக்குப் புழுக்கொத்து வைத்தாலோ ஒரு நிமிடம்கூடக் கண்ணை மூடக்கூடாது. இவை இரையை விழுங்குபவை. தங்கூசி நகரத் தொடங்கியவுடன் தடியைச் சுண்டாவிட்டால் முள் தொண்டையையும் கடந்து குடலில் போய்த் தைக்கும், பிறகு எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் மீனுக்கு ஊறு விளைவிக்காமல் அதை எடுக்க இயலாது. ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் உள்ள இனம். இங்கிலாந்தில் தூண்டிலில் பிடிபட்ட விலாங்கைத் திரும்ப விட்டாகவேண்டும். திரும்ப விட்டும் பிழைக்காது என்ற நிலைக்கு அதை ஆளாக்குவது உறங்கியவரின் குற்றமே.

கெண்டைக்காகத் தங்குகிறீர்கள் என்றால், வெளிச்சம் இருக்கும்போதே ஒத்திகை பாருங்கள். தடிகளை வீசிவிட்டு, இரவில் படுப்பது போலவே காலணியைக் கழற்றி, உறக்கப்பைக்குள் புகுந்து, கூடாரத்தின் கதவையும் இரவில் எப்படி வைப்பீர்களோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உடன் வந்தவர் உங்களிடம் சொல்லாமல் ஏதாவது ஒரு தடியின் தங்கூசியை இழுக்கட்டும். அலாரம் ஒலித்த கணத்திலிருந்து எண்ணுங்கள். உறக்கப்பையின் ஜிப் சிக்குவதும், காலணி கட்டிலுக்கு அடியில் போய்விட்டதும், கூடாரத்தின் கயிறு காலை இடறுவதும் அப்போதுதான் தெரியும். எனக்கு முதல் ஒத்திகையில் இருபத்தைந்து விநாடி ஆயிற்று. ஜிப்பைப் பாதிவரை மட்டும் மூடுவது, கதவைத் திறந்தே வைப்பது, கட்டாமலே காலில் நுழையும் காலணியைக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் வைப்பது, தலைவிளக்கைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு படுப்பது என்ற நான்கு மாற்றங்களால் அது எட்டு விநாடியாகக் குறைந்தது. தடிகளிலிருந்து கட்டில் நான்கு தப்படிக்கு மேல் தள்ளி இருக்கவேண்டாம். கரை சரிவாக இருந்து கூடாரத்தை மேலே அமைக்கவேண்டி வந்தால், அந்த இடத்தில் உறங்காமல் மீன்பிடியுங்கள்.

அலாரத்தைப் பொறுத்தவரை பொய் ஒலிகளே பெரிய எதிரி. காற்றில் அசையும் தங்கூசி, மிதந்து வரும் களை, வௌவால் உரசுவது, வாத்து கடந்து செல்வது என ஒவ்வொன்றுக்கும் அது ஒலித்துக்கொண்டே இருந்தால் இரண்டு மணி நேரத்தில் உங்கள் காது அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகிவிடும். உண்மையான ஓட்டம் வரும்போதும் எழமாட்டீர்கள். ஒலியளவைக் குறைத்து இதற்குத் தீர்வு காண வேண்டாம். தங்கூசியைச் சற்றே தளர்த்தி ஏரியின் அடித்தரையோடு படியச் செய்யுங்கள், தடியின் நுனியைத் தாழ்த்துங்கள், தேவைப்பட்டால் மட்டும் உணர்திறனை ஒரு படி இறக்குங்கள். ஒவ்வொரு தடிக்கும் வெவ்வேறு சுருதி வையுங்கள். அரைத்தூக்கத்தில் எந்தத் தடி என்று தேடுவதில் போகும் நேரம் சிறிதல்ல. பேட்டரியை மாலைதோறும் சோதியுங்கள். என் முதல் கோடையில் ரிசீவரின் பேட்டரி நள்ளிரவில் தீர்ந்துபோனது எனக்குத் தெரியாது. விடியலில் எழுந்து பார்த்தபோது ரீலில் பாதித் தங்கூசி இல்லை, மறுமுனை அல்லிப்படுகையில் சிக்கியிருந்தது. இழுத்தபோது மெதுவாக ஒரு கனம் அசைந்தது, பிறகு அறுந்தது. அந்த மீனுக்கு என்ன நேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது; அந்த அசைவு மட்டும் கையில் இன்னும் இருக்கிறது.

மீன் எப்போதும் வெளிநோக்கியே ஓடும் என்றும் எண்ணக்கூடாது. கரையை நோக்கி வந்தால் தங்கூசி தளர்ந்து, அதில் தொங்கும் பாபின் என்ற சிறு குறிகாட்டி கீழே இறங்கும், அலாரம் ஒன்றிரண்டு முறை மட்டும் ஒலித்து ஓய்ந்துவிடும். ஆகவே படுத்திருக்கும்போது ஒற்றை ஒலி கேட்டாலும் தலையைத் தூக்கி பாபினின் சிறுவெளிச்சம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள். வெளிநோக்கி ஓடும் மீனுக்குத் தங்கூசி தடையின்றிக் கழலும்படி பேய்ட்ரன்னர் வகை ரீலை அமைக்கவேண்டும். இறுக்கிவிட்டுப் படுத்தால் தடியே நீருக்குள் போய்விடும். மரக்கிளைகளுக்கு அருகே இரையிட்டு, ஓடவிடாமல் ரீலின் தடையான கிளட்சை முற்றிலும் இறுக்கி மீன்பிடிக்கும் முறையும் உண்டு. அது தடியின்மேல் கை வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே உரியது. உறங்கும் எண்ணம் இருந்தால் இரையைத் திறந்த நீரில் இடுங்கள். கடிகள் குறையலாம், அது கொடுக்கத் தகுந்த விலை. தங்கூசி அறுந்தாலும் ஈயம் தானே கழன்று விழும்படி, அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை அமைப்பதும் கட்டாயம். கிளிப்பின்மேல் வரும் ரப்பர் உறையை இறுக அழுத்திவிட்டால் ஈயம் கழலாது என்பதால் கையால் இழுத்துச் சோதித்துப் பாருங்கள்.

இவ்வளவு செய்தபின்னும் உடல் ஒத்துழைக்குமா என்பதை நேர்மையாக எண்ணிப்பார்க்கவேண்டும். இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில்தான் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. அதிலிருந்து திடீரென எழுப்பப்பட்டவருக்கு மந்தம் தெளிய கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த நிலையில் ஈரக் கரையில் ஓடுவது மீனைவிட மனிதனுக்கே ஆபத்து. இருட்டில் குளிர்நீருக்குள் விழுந்தால் நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சுத் திணறும். வாரம் முழுவதும் இரவுப்பணி செய்துவிட்டு வெள்ளி மாலை நேராக ஏரிக்கு வருகிறவர் லேசாகக் கண்ணயர முடியாது, அவர் கட்டையாகத்தான் விழுவார். என்னோடு வரும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் அப்படி வந்த ஒரு நாளில், “அண்ணை, ஒரு மணித்தியாலம் கண்ணயரட்டோ?” என்று கேட்டார். “முதலில தூண்டிலைச் சுத்து தம்பி, பிறகு விடியும்வரை படு” என்றேன். சுருட்டிவிட்டுப் படுத்தார், ஏழு மணி நேரம் அசையவில்லை. மது அருந்தியவர்களுக்கும், உறக்க மாத்திரையோ உறக்கம் தரும் ஒவ்வாமை மருந்தோ எடுத்தவர்களுக்கும் இதே விடைதான்.

உறங்குகிறவரின் உயிரைப் பற்றி ஒரு சொல். குளிருக்காக எரிவாயு அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு ஒருபோதும் படுக்கவேண்டாம். தீ அணைந்த கரியானாலும் உள்ளே கொண்டுவரவேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குகிறவரை எழுப்பாமலே அது கொன்றுவிடும். குளிர் தாங்காவிட்டால் இன்னொரு உறக்கப்பையைப் போர்த்துங்கள் அல்லது வீட்டுக்குப் போங்கள்.

மீன் வரும் என்ற நம்பிக்கையோடு படுப்பவர், கைப்பிடி வலையை விரித்துத் தடியருகே சாய்த்து வைத்து, மீனைக் கிடத்தும் மெத்தையையும் நீரூற்றும் வாளியையும் முள் கழற்றும் கருவியையும் ஒரே இடத்தில் தயாராக வைத்திருக்கவேண்டும். இரவில் பிடித்த மீனைக் காலையில் படமெடுப்பதற்காகப் பையில் போட்டு நீரில் தொங்கவிட்டுவிட்டு மீண்டும் உறங்கப் போவதை நான் ஏற்கவில்லை. தலைவிளக்கின் ஒளியில் எடுத்த மங்கலான படமே போதும், உடனே விட்டுவிடுங்கள்.

தூண்டிலைச் சுருட்டினால் நல்ல வேளை கைநழுவிப் போகுமே என்று வருந்துவோருக்கு ஒரு நடைமுறை வழி உண்டு. ஜூன் நடுவில் லண்டன் பகுதியில் இரவு ஒன்பதே காலுக்குப் பிறகே சூரியன் மறைகிறது, அதிகாலை நான்கே முக்காலுக்கு முன்பே உதித்துவிடுகிறது. பதினொரு மணிவரை விழித்திருந்து மீன்பிடியுங்கள். பிறகு தடிகளைச் சுருட்டிக் கரையில் வைத்துவிட்டு மூன்றரைக்குக் கடிகாரத்தை வைத்து ஆழ்ந்து உறங்குங்கள். எழுந்ததும் முகம் கழுவி, வெளியே அடுப்பு மூட்டித் தேநீர் குடித்து முடிப்பதற்குள் மந்தம் தெளியும், நீரின்மேல் மூடுபனியும் கெண்டைகள் புரளும் இடமும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். எங்கே புரள்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே புதிய இரையை வீசுங்கள்.