அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர்: கை எட்டாத இடத்தில் பாயிண்ட் மாற்றுவது எப்படி?

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினில், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) வலது பக்கம், பிளக்குகளுக்கும் கீழே பதுங்கியிருக்கிறது. மட்கார்டின் மேல் கவிழ்ந்து படுத்தால்தான் கை எட்டும். கை எட்டினால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் புதியவர்கள் மொத்த டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றிவிடுகிறார்கள். பாயிண்ட், அதாவது உள்ளே திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சிறு சுவிட்ச், அதை மாற்ற இது தேவையே இல்லை. அடியிலுள்ள கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் (பொறி விழும் நேரம்) கலைந்துவிடும்.

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பாயிண்ட் செட் வாங்கப் போகுமுன், டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), காந்த முனை கொண்ட குட்டை ஸ்க்ரூடிரைவர், பழைய வேட்டித் துணி ஆகியவையும் வேண்டும்.

1. என்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள்.

2. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பிலுள்ள ஒயர்களைப் பிடுங்காதீர்கள். இரண்டு கிளிப்புகளையும் நெம்பி, கேப்பை ஒயர்களோடு ஓரமாகச் சாய்த்து வையுங்கள். யாராவது ஏற்கெனவே பிடுங்கியிருந்தால், வரிசை 1-3-4-2, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். ரேடியேட்டர் பக்கம் இருக்கும் சிலிண்டர்தான் 1. கேப்பின் உட்புறம் மயிரிழை போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் புதிய கேப் வாங்குங்கள். மழைநாளில் வண்டி முரண்டு பிடிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

3. கேப்புக்கு அடியில் சுழலும் ரோட்டாரை நேராக மேலே இழுத்து எடுங்கள். பழைய பாயிண்டைத் தொடுமுன் இன்னொரு படம். பழைய வகை செட்டில் கண்டென்சர் ஒயரும் காயில் ஒயரும் பாயிண்டின் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தூணைத் தொடக் கூடாது. நடுவிலுள்ள சிறிய இன்சுலேட்டர் (மின்சாரம் பாயாமல் தடுக்கும் துண்டு) இடம் மாறினால் ஒரு பொறிகூட வராது. இதில் நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

4. பாயிண்டின் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் சுற்றிலும் துணியை அடைத்து வையுங்கள். ஸ்க்ரூ டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயே விழுந்துவிட்டால் மட்டும் முழுவதையும் கழற்றத்தான் வேண்டும். அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பு நிற்கும் கோணத்தை என்ஜின் மேல் கோடு கிழித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. புதிய பாயிண்டைப் பொருத்தி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, சமதரையில் நான்காவது கியரில் வண்டியை மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். அல்சூரில் எங்கள் தெருவில் பானெட் திறந்தாலே யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். அவர்களையே தள்ள வைக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டிலுள்ள கேமின் மேடு பாயிண்டை முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கில்லாத கேஜால் 15 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ. இடைவெளி வையுங்கள். ஸ்க்ரூவை இறுக்கும்போது இடைவெளி நகரும். மறுபடி அளந்தே தீர வேண்டும்.

கேமில் துளி கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் சற்று மாறும். மேடேறும்போது என்ஜின் தட்டினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வண்டி கிளம்பவே இல்லையென்றால் முதலில் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள், ரோட்டார் அங்கே இருக்கும்.