தங்க நானோ துகள் உணரி: நிறம் மாறியதும் நம்பிவிடாதீர்கள்

ஒரு மூலக்கூறு இருக்கிறதா என்று நிறமாற்றத்தால் காட்டும் உணரி செய்யத் தங்க நானோ துகள்களைக் கையில் எடுக்கும் புதியவர்கள் பலரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். நாங்களும் விழுந்து எழுந்த குழிதான். கையுறை போடு, பிப்பெட்டைச் சரிபார் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை எல்லாக் கையேடுகளிலும் இருக்கின்றன.

நிறமாற்றத்தையே விடையாக எடுத்துக்கொள்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சிட்ரேட் (துகள்கள் திரளாமல் காக்கும் அயனி) போர்த்திய 13 நானோமீட்டர் துகள்கள் 520 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதால் கரைசல் சிவப்பாக இருக்கும். துகள்கள் ஒன்றையொன்று நெருங்கித் திரண்டால் உறிஞ்சல் நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்து, ஊதாவாகவும் நீலமாகவும் மாறும். அப்டாமர் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் குறுகிய டி.என்.ஏ. இழை) உணரியின் கணக்கு எளிமையானது: அப்டாமர் தங்கத்தின்மேல் படிந்து அதை உப்பிலிருந்து காக்கிறது, இலக்கு மூலக்கூறு வந்ததும் அதைப் பற்றிக்கொண்டு அப்டாமர் விலகுகிறது, உப்பு சேர்த்தால் காப்பிழந்த துகள்கள் திரண்டு நீலம்.

இந்தக் கதையில் தங்கம் சும்மா நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். அது சும்மா நிற்பதில்லை. தயோல் (கந்தகம் உள்ளது), அமீன் (நைட்ரஜன் உள்ளது), அடினின் (டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்று) போன்ற பகுதிகள் உள்ள மூலக்கூறுகள் தாமாகவே தங்கத்தில் ஒட்டும். ஒட்டினால் சிட்ரேட்டை விரட்டலாம், அப்டாமருக்கு இடமில்லாமல் செய்யலாம். அப்டாமர் இலக்கை அடையாளம் காணாமலேயே கரைசல் நீலமாகிவிடும்.

உதவி கேட்டு வந்த ஒரு மாணவியின் உணரி நினைவுக்கு வருகிறது; அதன் இலக்கு அடினோசின், அடினின் உள்ள மூலக்கூறு. அளவு கூடக்கூட நிறமும் கூடியது. வரைபடம் அத்தனை நேர்த்தி. தைமிடினுக்கு எதுவும் நடக்கவில்லை என்பதால் தேர்வுத்திறனும் நிரூபணமாகிவிட்டதாக நம்பினார். தைமிடினில் உள்ள தைமின் தங்கத்தில் மிகவும் பலவீனமாகவே ஒட்டும். அது அசையாததில் என்ன சான்று? அப்டாமரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட, அதே நீளமுள்ள டி.என்.ஏ.வை வைத்துச் செய்யச் சொன்னேன். அதுவும் அதேபோல நீலமானது. ஆய்வேட்டின் ஒரு முழு அத்தியாயம் போயிற்று. அவர் உழைப்பில் குறையே இல்லை. முதல் வாரத்தில் யாராவது அந்த ஒரு குழாயை வைக்கச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அழகான அளவீட்டு வரைபடம் எதையும் நிரூபிக்காது. தங்கத்தில் ஒட்டுவதும் செறிவைப் பொறுத்தே கூடும். ஆகவே கலைத்த வரிசையோடு ஒன்று, டி.என்.ஏ.வே இல்லாமல் ஒன்று, இலக்கு இல்லாமல் அது கரைந்திருக்கும் திரவம் மட்டும் ஒன்று: இந்த மூன்று கன்ட்ரோலும் (ஒப்பீட்டுச் சோதனைகளும்) இல்லாத முடிவை எனக்குக் காட்டாதீர்கள். தங்கத்தைச் சாராத வேறொரு முறையிலும் பிணைப்பைச் சரிபார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பஃபரை யோசிக்காமல் ஊற்றுவது

பஃபர் என்பது அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல். வழக்கமான பாஸ்பேட் உப்புக் கரைசலில் சோடியம் குளோரைடு ஏறக்குறைய 137 மில்லிமோலார் இருக்கும். சிட்ரேட் மட்டும் போர்த்திய துகள்கள் அதில் விழுந்தாலே நீலமாகிவிடும். இரத்த சீரத்தில் இதற்கு நேர்மாறு: புரதங்கள் தங்கத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும், உப்பு சேர்த்தாலும் சிவப்பு மாறாது. இலக்கு இருந்தும் இல்லை என்று சொல்லும் உணரி கிடைக்கும். தூய நீரில் கிடைத்த முடிவைச் சீரத்துக்கும் பொருந்தும் என்று எழுதாதீர்கள்.

கண்ணால் மட்டும் பார்ப்பது

620, 520 நானோமீட்டர் உறிஞ்சல்களின் விகிதத்தை எடுங்கள். உப்பு சேர்த்த பிறகு எப்போதும் ஒரே நேர இடைவெளியில் அளக்க வேண்டும். திரளல் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். வெகுநேரம் விட்டால் துகள்கள் அடியில் படிந்து அளவே பொய்யாகும்.

அழுக்குக் குடுவை

ராஜ திராவகத்தால் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கழுவுங்கள், நச்சுப் புகையை உறிஞ்சும் ஆய்வகப் பெட்டிக்குள் (fume hood), புதிதாகக் கலந்து. மூடி போட்டு வைக்கவே கூடாது.

உறைய வைப்பது

வேண்டாம். 4 டிகிரி செல்சியஸ் போதும்.