ஸ்டெப்பி கிராமத்துக் குளிர்காலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவுக்குத் தென்மேற்கே சுமார் 130 கி.மீ. தொலைவில், நூரா ஆற்றங்கரையில் இருக்கிறது கோர்கல்ஜின். ஸ்டெப்பி எனப்படும் மரமற்ற புல்வெளியில் இருக்கும் இதுபோன்ற கஜக் ஊரைப் பற்றி முதன்முதலாக எழுதுகிறவர்களும் பாடம் தயாரிப்பவர்களும் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சின்னச் சின்னப் பிழைகளை விட்டுவிடுவோம்.

ஆண்டுச் சராசரியைக் கொடுப்பது

அஸ்தானாவில் ஜனவரி சராசரி மைனஸ் 14 டிகிரி அளவு. ஜூலையில் 20 டிகிரி. ஆண்டுச் சராசரியில் இரண்டுமே மறைந்துபோகும். மாதவாரியாகக் கொடுங்கள்.

கால்நடைகளைக் கொல்வது கடுங்குளிர் என்று எழுதுவது

மன்னிக்க முடியாத தவறு இதுதான். மைனஸ் 30-இல்கூட, பனி உலர்ந்த பொடியாகக் கிடந்தால் குதிரை குளம்பால் அதைக் கிளறிப் புல்லை எடுத்துவிடும். இந்தக் குளிர்கால மேய்ச்சலைக் கஜக் மொழியில் தெபின் என்பார்கள். ஆடும் கிளறும், ஆனால் ஆழமாக முடியாது. மாட்டுக்கு அது கைவராது. அதனால்தான் முதலில் குதிரைகளை விட்டு, அவை கிளறிய இடத்தில் ஆடுகளை மேய்ப்பது வழக்கம். மாட்டுக்கு வைக்கோல் சேமித்தே ஆகவேண்டும்.

ஆபத்து வருவது வெதுவெதுப்பான நாளில். நடுக்குளிர்காலத்தில் வெப்பம் பூஜ்யத்தைத் தாண்டினாலோ மழை தூறினாலோ மேல்பனி உருகும். இரவில் அது இறுகிப் பனிக்கட்டித் தகடாகிவிடும். குளம்பு உள்ளே இறங்காது. தகட்டின் விளிம்பு காலைக் கிழிக்கும். புல் அடியில் இருக்க, மந்தை பட்டினி கிடக்கும். பட்டினியில் மெலிந்த உடலைத்தான் பிறகு குளிர் சாய்க்கிறது. இதற்குப் பெயர் ஜூட். 1879–80 குளிர்காலத்து ஜூட் மந்தை மந்தையாக அழித்தது. முந்தைய கோடை வறண்டிருந்தால் வைக்கோலும் குறைவு, விலங்கும் மெலிவு, சேதம் பன்மடங்காகும்.

ஆகவே குளிர்காலத்தை மதிப்பிட, மிகக் குறைந்த வெப்பநிலையை மட்டும் தேடாதீர்கள். உருகி மீண்டும் உறைந்த நாட்கள் எத்தனை, பனியின் ஆழம் என்ன, வைக்கோல் கையிருப்பு எவ்வளவு, மந்தையில் குதிரை எத்தனை, மாடு எத்தனை என்று பாருங்கள்.

பனி உருகியதும் விதைப்பு என்று நினைப்பது

வடக்குக் கஜகஸ்தானில் பனி ஏப்ரலில் போய்விடும். வசந்தக் கோதுமையைப் பெரும்பாலும் மே பிற்பாதியில்தான் விதைக்கிறார்கள். ஜூன் அடிக்கடி வறண்டுபோகும், மழையின் உச்சம் ஜூலை. பயிரின் தாகம் அந்த மழையோடு பொருந்த வேண்டும். மிகவும் தாமதித்தாலோ அறுவடைக்குள் உறைபனி வந்துவிடும். உழப்படாத புல்வெளியை வயலாக்க 1954-இல் சோவியத் அரசு தொடங்கிய கன்னி நில இயக்கத்தில் ஆழ உழுது புரட்டிய மண்ணை 1960-களின் புழுதிப்புயல்கள் வாரிச் சென்றன. மண்ணைப் புரட்டாமல், அறுவடைக்குப் பின் மிஞ்சும் தாளடியை நிறுத்தி வைக்கும் முறையை ஷோர்த்தந்தி என்ற ஊரில் வளர்த்தவர் வேளாண் அறிஞர் அலெக்சாந்தர் பராயெவ். தாளடி காற்றைத் தடுக்கும். பனியையும் பிடித்து வைக்கும். அந்தப் பனிதான் விதைக்கு ஈரம்.

மரமில்லை, எனவே பாலைவனம்

இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மி.மீ. மழையும் பனியும் பெறும் புல்வெளி.

நூராவைக் கடலில் சேர்ப்பது

அது தெங்கிஸ் உப்பேரியில் முடிகிறது. ஆண்டு நீரில் பெரும்பகுதி வசந்தத்தில் பனி உருகும்போதே ஓடிவிடும். ஆகஸ்டு மாதத்து ஆற்றைப் பார்த்து ஊரின் வெள்ள எல்லையைக் குறிக்காதீர்கள், ஏப்ரலில் பாருங்கள்.