சிங்கப்பூர் – நியூயார்க்: விமான தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடுவது எப்படி?

"சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஃப்ளைட்டுடா, பத்தொன்பது மணி நேரம் ஆகும்" என்று நியூயார்க்கிலிருந்து அக்கா சொன்னதை நம்பி, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு சாங்கி விமான நிலையத்தில் போய் நின்றவன் நான். அக்கா வந்து இறங்கியது திங்கள் விடிகாலை. அந்தக் கடுப்பில் கற்றுக்கொண்டதுதான் இது.

முதலில் தூரம். கூகுள் மேப்ஸில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். சாங்கி 1.36, 103.99. நியூயார்க்கின் ஜேஎஃப்கே 40.64, -73.78. அந்த மைனஸை விட்டுவிடாதீர்கள்! மேற்கு தீர்க்கரேகைக்கு மைனஸ் போட வேண்டும் என்பது தெரியாமல் வெறும் 73.78 என்று போட்டேன், விடை 5,320 கிலோமீட்டர் வந்தது. சிங்கப்பூரிலிருந்து துபாயே அதைவிடத் தூரம். ஆனாலும் அரை நாள் முழுக்க ஃபார்முலாவைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து எக்ஸெலோ கூகுள் ஷீட்ஸோ திறந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் (SIN) பெருக்குங்கள். அதோடு, இரண்டின் காஸ்களையும் (COS) தீர்க்கரேகை வித்தியாசத்தின் (இங்கே 177.77) காஸையும் பெருக்கி வருவதைக் கூட்டுங்கள். மொத்தத்துக்கு ஏகாஸ் (ACOS, காஸின் தலைகீழ்) எடுத்து, பூமியின் ஆரமான 6,371-ஆல் பெருக்கினால் சுமார் 15,340 கி.மீ. வரும். டிகிரிகளை முதலில் ரேடியன்ஸ் (RADIANS) ஃபங்ஷனில் போட்டு மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் குப்பைதான் வரும்.

இவ்வளவு எதற்கு என்பவர்களுக்கு, தூரத்தை அதுவே கணக்குப் போட்டுத் தரும் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளம் இருக்கிறது. விளம்பரம் கொட்டும் மற்ற தளங்களை நான் தொடுவதில்லை. மேப்பரில் இரண்டு ஊரையும் இணைக்கும் கோட்டைப் பார்த்தால் வடதுருவத்தை ஒட்டிப் போகும். தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐ நெருங்குவதால் அப்படி; வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

இப்போது நேரம். விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கும் என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வரும். நான் 850-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டுவேன்: பதினெட்டரை. டிக்கெட்டில் பெரும்பாலும் பதினெட்டரையிலிருந்து பத்தொன்பதுக்குள் போட்டிருக்கும். விமானிகள் நூல் பிடித்த மாதிரிப் போவதில்லை, முதுகில் காற்று தள்ளும் வழி கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் அதைப் பிடிப்பார்கள்.

நான் கோட்டை விட்ட இடத்துக்கு வருவோம். நியூயார்க்கில் சனி இரவு 10.30 என்றால், அந்த நொடியில் சிங்கப்பூரில் ஞாயிறு காலை 10.30. முதலில் இப்படி ஊர் நேரத்தை மாற்றிவிட்டு, அப்புறம்தான் பயண நேரமான 18 மணி 50 நிமிடத்தைக் கூட்ட வேண்டும். திங்கள் காலை 5.20. நான் மாற்றாமலே கூட்டினேன், ஞாயிறு மாலை 5.20 வந்தது, கிளம்பிவிட்டேன்.

பிற்சேர்க்கை: டிசம்பரில் போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரம் இடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், நான் சொன்னது கோடைக் கணக்கு. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருப்பார்கள், அப்போது வித்தியாசம் 12 மணி. மற்ற மாதங்களில் 13 போடுங்கள். சிங்கப்பூரில் இந்த வம்பே கிடையாது.