‘ட்ரூப்’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடும் வழி

மதிய வெயிலில் கத்தரி நாற்றின் இலைகள் துவண்டு தொங்கும் அல்லவா, அதை ஆங்கிலத்தில் ‘ட்ரூப்’ என்பார்கள். இதன் வேரைத் தேடி நான் இரண்டு நாள் அலைந்தேன். நீங்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

முதலில் பொருளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஈரப் புடவையைப் போட்டதும் கொடிக்கயிறு நடுவில் இறங்குகிறதே, அது ‘ஸாக்’ என்ற வேறு ஆங்கிலச் சொல். இரு முனையும் பிடிப்பில் இருக்க, நடு தொய்கிறது. ட்ரூப் என்றால் ஒரு முனை பிடிப்பில் இருக்க, மறுமுனை தலைசாய்வது. 2003 வரை பறந்த கான்கார்டு என்ற அதிவேகப் பயணிகள் விமானம் தரையிறங்கும்போது, ஓடுபாதை விமானிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மூக்கை 12.5 டிகிரி கீழே சாய்த்தது. அதற்கும் ‘ட்ரூப் நோஸ்’ என்றுதான் பெயர்.

அடுத்து, அகராதி. நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அச்சு அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் ஓ, என் என்று இரண்டு எழுத்துகள் இருந்தன. ‘மேல்’ என்று பொருள்படும் ‘ஆன்’ என்றே அதைப் படித்துக் குழம்பினேன். அது ‘ஓல்ட் நார்ஸ்’ என்பதன் சுருக்கம். வட ஐரோப்பாவின் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்டிக் மொழி. அதனால் முன்பக்கத்தில் இருக்கும் சுருக்கப் பட்டியலைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள். சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அது எழுத்தில் கிடைக்காத, அறிஞர்கள் ஊகித்து அமைத்த வடிவம்.

என்னைக் கேட்டால், புதியவர்களுக்கு டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த இணையச் சொற்பிறப்பு அகராதியான ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’தான் நல்லது. இலவசம், மொழிப்பெயர்களையும் முழுதாக எழுதியிருப்பார்.

சரி, விடைக்கு வருவோம். பழைய நார்ஸில் ‘த்ரூபா’ என்றால் தலை தொங்கிப்போதல். சோர்ந்தவரைப் பார்த்து நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் பேச்சு ஆங்கிலத்தில் கலந்தது. ‘விண்டோ’வும் அவர்கள் தந்ததுதான். அதன் மூலச்சொல்லுக்குக் ‘காற்றின் கண்’ என்று பொருள். நம் பழந்தமிழ்க் ‘காலதர்’ காற்றின் வழி. பொருள் இவ்வளவு நெருங்கி வந்தாலும் இரண்டும் உறவு இல்லை. ஒற்றுமையைப் பார்த்ததும் வேரை முடிவு செய்துவிடாதீர்கள்.

துளியைக் குறிக்கும் ‘ட்ராப்’ இதற்குத் தாய் என்று நினைத்திருந்தேன். அதுவும் தவறு. அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரில் பிறந்த உடன்பிறப்புகள்.

பின்சேர்க்கை: தேடினால் படைப்பிரிவு என்று வருகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தமிழில் எழுதும்போது இரண்டும் ‘ட்ரூப்’தான், குழப்பம் அங்கேதான். படைப்பிரிவு பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல். அதற்கு ‘டேபிள்’ தொடங்கும் எழுத்து. நம் சொல்லை ‘டாக்டர்’ தொடங்கும் எழுத்தில் தட்டுங்கள், சரியாக வரும்.